எடை போட்டு வாங்கின பேட்டரி

போன மாசம் நாலு பயக்க எனக்க முற்றத்துல ஒரு வண்டியைக் கொண்டு நிறுத்தினானுவ. காடு, மேடு, சகதி எல்லாம் ஏறுற ஜீப்பாம். முன்னால வரிசையா விளக்கு, கூரை மேல இன்னொரு வரிசை, உள்ள பாட்டுப் பெட்டி, பின்னால கூல் டிரிங்ஸ் வைக்க ஒரு குட்டி பிரிட்ஜ். கோயில் கொடைக்கு ஜோடிச்ச சப்பரம் கூட இப்படி மினுங்காது. பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை பாக்குற பயக்க. லீவுக்கு ஊருக்கு வந்தா வண்டியைச் சகதியில இறக்குவானுவ, பிறகு கயிறு கட்டி இழுப்பானுவ, அதைப் படம் பிடிச்சு போன்ல போடுவானுவ. இதுக்கு ஒரு சங்கம் வேற வச்சிருக்கானுவ.

வண்டிக்கு பேட்டரி மாத்தணுமாம். எது வாங்கலாம்னு கேக்க வந்திருக்கானுவ. ஒருத்தன் வீடியோ பாத்து ஒரு கம்பெனியைச் சொன்னான். அடுத்தவன் அதே கம்பெனியைத் திட்டி இன்னொரு வீடியோவைக் காட்டினான். மூணாமத்தவனுக்கு நம்பர் பெருசா இருக்கணும். நாலாமத்தவன் சிவப்பு கலர்ல உள்ளது தான் பானட்டைத் தூக்கினா எடுப்பா இருக்கும்னு ஒரே பிடியா நிண்ணான். "மாமா, நீங்க இத்தனை காலம் மலையில ஜீப்பு ஓட்டினவரு, நீங்க சொல்லுங்க"ண்ணானுவ. நான் என்னத்தச் சொல்ல? பேட்டரியைப் பத்தி நான் படிச்சதுல பாதி எனக்க மானேஜருகிட்ட படிச்சது. எப்படியெல்லாம் வாங்கப்பிடாதுண்ணு அவரு செஞ்சே காட்டித் தந்திருக்காரு.

நான் வேலை பாத்தது குலசேகரத்துக்கு மேல ஒரு ரப்பர் எஸ்டேட்டுல. பேரு வேண்டாம், முதலாளி வீட்டுல இப்பவும் கல்யாணம் காட்சின்னா என்னை விளிக்கிறாவ. லாரியில கிளீனரா ஏறினேன், திட்டு வாங்கினேன், லைசென்ஸ் எடுத்தேன், பெண்ணு கெட்டினேன், எஸ்டேட்டு ஜீப்புல உக்காந்தேன். இந்த ஒரு வரிக்குள்ள எனக்க வாலிபம் முடிஞ்சு போச்சு. பிறகு ரிட்டயர் ஆவுற வரைக்கும் அதே மலை, அதே ஜீப்பு தான்.

மலையில வண்டி நிறுத்த ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்க மூக்கு பள்ளத்தைப் பாத்து தான் இருக்கணும். விடியக் காலத்தே வந்து ஹேண்ட் பிரேக்கை விட்டா வண்டி தானா உருளும். கியரைப் போட்டு கிளட்சை விட்டா இஞ்சின் பிடிச்சுக்கிடும். சாவியைத் திருப்பி வண்டி எடுக்குறவனை எங்க ஆளுவ புதுப்பணக்காரனைப் பாக்குற மாதிரி பாப்பாவ. குருசடிக்குக் கும்பிடப் போனாலும் சரி, கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, முதல்ல சரிவு இருக்காண்ணு தான் பாப்போம், பிறகு தான் நிழல். இதுல ஒரு சங்கடம் என்னண்ணா, பேட்டரிக்கு சீக்கு வந்தா ஒருத்தனுக்கும் தெரியாது. செத்துப் போன பேட்டரியை வச்சுக்கிட்டே ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டலாம். எங்க பாதையில ஒரே ஒரு இடம் தான் இதுக்கு ஒத்து வராது. நடுவுல ஒரு ஓடை உண்டு. அதுக்கு ரெண்டு பக்கமும் ஏத்தம். அந்தக் குழியில இஞ்சின் அணைஞ்சா சாவி தான் கதி.

இந்த நேரத்துல தான் செல்லையன் அண்ணனுக்கு கிட்னி போச்சு. அவரு எங்க எஸ்டேட்டுல ரப்பர் மரத்தைக் கீறி பால் எடுக்குற பால்வெட்டுக்காரரு, என்னை விட மூத்தவரு, வாயி நீளம். வாரத்துல ரெண்டு தடவை நாகர்கோவில் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்யணும். அவருக்க பெஞ்சாதி தங்கபாய் அக்கா மத்த நாளெல்லாம் அவருக்க மரத்தையும் சேத்து வெட்டினா, அந்த ரெண்டு நாளும் அவரு கூடப் போவா. காலத்தே நான் ஜீப்புல ரெண்டு பேரையும் குலசேகரம் கொண்டு விடணும், அங்கேருந்து பஸ். "ஸ்டீபா, எனக்கும் உனக்க பேட்டரிக்கும் ஒரே சீக்கு, ஒழுங்கா சார்ஜ் ஏத்தல்லைண்ணா ரெண்டு பேரும் கிடந்துருவோம்"ணு சிரிப்பாரு. ஒரு தடவை போகாம முடங்கினா முகம் வீங்கும், மூச்சு முட்டும். ரெண்டு தடவை முடங்கினா என்ன ஆகும்ணு டாக்டர் அக்காகிட்ட தனியா சொல்லியிருந்தாரு. அக்கா அதை ஒருத்தருகிட்டயும் சொல்லல்ல, நாங்களும் கேக்கல்ல.

அப்பம் ஜீப்புல இருந்த பேட்டரி ஒரு பக்கம் ஊதி, மறுபக்கம் ஒழுகி, குடிகாரன் மாதிரி கிடந்துது. புதுசு வேணும்ணு மானேஜருகிட்ட போய்ச் சொன்னேன்.

மானேஜர் சுகுமாரன் சாரை நீங்க பாத்திருக்கணும். சத்தம் போட்டுப் பேசமாட்டாரு. ஒரு காரியத்தை இல்லைன்னும் சொல்லமாட்டாரு. கண்ணாடியைக் கழட்டி வேட்டி முனையில துடைச்சு, திரும்ப மாட்டி, "நோக்கலாம்"ணு சொல்லுவாரு. நோக்கலாம்ணு சொன்ன காரியம் நோக்கிக்கிட்டே இருக்கும். அவரு ரப்பருல பிறந்து ரப்பருல வளந்த மனுஷன். ரப்பருல ரெண்டு காரியம் தான் உண்டு. ஒண்ணு எடை, இன்னொண்ணு பாலில தண்ணி இருக்கா இல்லியா. உலகத்துல உள்ள எல்லா சாமானத்தையும் இந்த ரெண்டையும் வச்சே அளந்துருவாரு. துடைப்பம் வாங்கினாலும் ரப்பர் ஷீட் நிறுக்குற தராசுல ஏத்தணும். காலண்டர் வந்தாலும் ஏத்தணும். பெண்ணு பாக்கப் போனப்போ இந்த மனுஷன் தராசை எங்க ஒளிச்சு வச்சாரோண்ணு நாங்க பேசிக்கிடுவோம்.

பாலில தண்ணி பாக்க அவருகிட்ட ஒரு கண்ணாடி மீட்டரு உண்டு. மெட்ரோலாக்குண்ணு பேரு. உயரமான ஒரு குப்பியில ரப்பர் பாலை ஊத்தி அதுக்குள்ள விடணும். பால் நல்ல கட்டியா இருந்தா மீட்டரு உள்ள தாழும். தண்ணி கூடக் கூட மேல எழும்பும். வெறும் தண்ணிக்குண்ணே அதுல ஒரு கோடு போட்டிருக்கும். வெட்டுக்காரங்க காலத்தே பால் கொண்டு வந்தா, ஒவ்வொரு வாளியிலயும் அதை விட்டுப் பாத்து, எழும்பினா கூலியில பிடிப்பாரு. அந்த மீட்டரைக் கண்டா தண்ணி கலக்காதவனும் பயப்படுவான்.

அவரு அந்தத் தடவை அதிசயமா "ஒண்ணு கொண்டு வா, நோக்கலாம்"ணாரு. மார்த்தாண்டத்துல எனக்குப் பழக்கமான ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரரு பொறுமையான மனுஷன். மலை வண்டிக்கு எப்படி எடுக்கணும்ணு அவரு தான் சொல்லித் தந்தாரு, நான் தலையாட்டினேன். பெட்டி ஜீப்புத் தட்டுல கச்சிதமா இருக்கணும், கிளாம்பு போட்டா ஆடப்பிடாது. வயர் மாட்டுற முனை பழசுல எந்தப் பக்கமோ புதுசுலயும் அந்தப் பக்கமே இருக்கணும், இல்லைன்னா வயர் எட்டாது. எடுத்த எடுப்புல டீசல் இஞ்சினைச் சுத்துற வலு இருக்கணும். கல்லுல குலுங்கினா உள்ள இருக்குற தகடு உதிரப்பிடாது. எந்த மாசம் செஞ்சதுண்ணு பாக்கணும், கடையில கிடந்து உறங்கினதை வாங்கப்பிடாது. இவ்வளவும் பாத்து ஒண்ணை எடுத்து வச்சாரு. சாருக்குப் பிடிக்கல்லைண்ணா திருப்பிக் கொண்டு வாண்ணும் சொல்லிவிட்டாரு.

கொண்டு வந்து சாருக்கு முன்னால வச்சேன். அவரு முதல்ல தூக்கிப் பாத்தாரு. "லேசா இருக்கே"ண்ணாரு. பிறகு மூடியைத் திறக்கச் சொன்னாரு. உள்ள இருந்து ஆசிட்டை உறிஞ்சி அவருக்க உயரக் குப்பியில விடச் சொன்னாரு. அதுல ரெண்டு சொட்டு எனக்க காக்கி பேண்டுல விழுந்து அண்ணைக்கே ஓட்டை. பால் பாக்குற அந்த மெட்ரோலாக்கை ஆசிட்டுக்குள்ள இறக்கினாரு. சவம், அது பட்டுண்ணு மேல எழும்பி, கழுத்தும் நெஞ்சும் வெளிய தெரிய நிண்ணுது.

சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "முழுக்கத் தண்ணி"ண்ணாரு.

கடைக்காரரு அவருக்க மீட்டரை விட்டுக் காட்டினாருண்ணும், அதுல நல்லா மிதந்தா தான் ஆசிட்டு நல்லதுண்ணும் சொன்னேன். கடைக்காரன் மீட்டரு கடைக்காரனுக்கு வேண்டி மிதக்கும்ணாரு. எனக்கும் அப்பம் காரணம் பிடிபடல்ல. சாருக்க மீட்டரு பொய் சொல்லி எங்க எஸ்டேட்டுல ஒருத்தனும் கேட்டதில்லை, கூலி தான் குறைஞ்சிருக்கு. பேட்டரி திரும்ப மார்த்தாண்டத்துக்குப் போச்சு. கடைக்காரரு எனக்க முகத்தைப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம ஒரு சாயா வாங்கித் தந்தாரு.

அடுத்த நாள் சாரே நேரா களியக்காவிளைக்குக் கிளம்பிட்டாரு. அங்க ஒரு கடையில ஏறி, "இருக்கதிலேயே கனம் கூடினது எது?"ண்ணு கேட்டாரு. எந்த வண்டிக்குண்ணு அந்த ஆளு கேட்டான், நல்லா ஓர்மை இருக்கு. வண்டி கிடக்கட்டும், நீ எடையைச் சொல்லுண்ணாரு. கேட்டதைக் கொடுத்தான், அவனைக் குத்தம் சொல்லப்பிடாது. ரெண்டு பேரு சேந்து தூக்கி வச்சாவ. வீட்டுல கரண்டு போனா ஃபேனையும் லைட்டையும் பைய பைய ஓட்டுறதுக்கு உள்ள இன்வெர்ட்டர் பேட்டரி அது. இஞ்சினை ஒரே உதையில எழுப்புற வேலையே அதுக்குத் தெரியாது. சாருக்கு ஒரே சந்தோசம். எஸ்டேட்டு தராசுல ஏத்தி, முள்ளு கீழ இறங்குறதைப் பாத்து, பேரப்பிள்ளையைப் பாக்குறது மாதிரி சிரிச்சாரு.

ஜீப்புத் தட்டுல அது கொள்ளல்ல. ஆசாரியை விளிச்சு, பின் சீட்டுக்குப் பக்கத்துல ஒரு மரப்பெட்டி செஞ்சு அதுல இறக்கினோம். வயர் எட்டல்ல, ஒட்டுப் போட்டு நீட்டினோம். சந்தனம், குங்குமம், செம்பருத்தி மாலை. சார் பக்கத்துல நிண்ணு போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினாரு. செல்லையன் அண்ணன் அதுக்கப்புறம் முழங்காலை மடக்கி, பேட்டரிக்குப் பக்கத்துல ஒடுங்கி உக்காந்து தான் போகணும். "என்னை விட இதுக்கு மரியாதை கூடுதல், ஸ்டீபா, மாலை எல்லாம் போட்டிருக்கு. எனக்கு இனி தான்"ண்ணாரு. அக்கா அவரு வாயில ஒரு அடி வச்சா.

சரிவுல நிறுத்தி உருட்டி எடுத்ததுனால கொஞ்ச நாள் ஒண்ணும் தெரியல்ல. சாருக்க பெருமையும் கூடிக்கிட்டே போச்சு.

ஒரு ஆஸ்பத்திரி நாளு. தலேநாள் ராத்திரி பூரா நல்ல மழை. ஓடையில தண்ணி முட்டளவு ஓடுது. நான் பைய தான் இறக்கினேன். முன் டயரு ஒரு உருண்டைக் கல்லுல முட்டி, வண்டி ஒரு துள்ளு துள்ளி, இஞ்சின் அணைஞ்சு போச்சு. சாவியைத் திருப்பினேன். உள்ள எங்கயோ ஒரு முனங்கல். திரும்பத் திருப்பினேன். டக்குண்ணு ஒரு சத்தம், அவ்வளவு தான். நீட்டின வயரைத் தொட்டுப் பாத்தா கை பொள்ளுது. முன்னால தள்ளலாம்ணா ஏத்தம், பின்னால தள்ளலாம்ணாலும் ஏத்தம். போன்ல ஒரு கோடு சிக்னல் கூட இல்லை. செல்லையன் அண்ணன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் கரை ஏறி ஓடிப் போய், பால்வெட்டுல நிண்ண ஆளுவளைக் கூட்டி வந்து, கயிறு கட்டி இழுத்து, மேட்டுக்கு ஏத்தி உருட்டி எடுத்து குலசேகரம் போறதுக்குள்ள பஸ் போயே போச்சு. அடுத்த பஸ் பிடிச்சு அவங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி சேந்தப்போ அவரு முறை கழிஞ்சு மிஷின்ல வேற ஆளு படுத்திருந்துது. அங்கயும் என்ன செய்வாவ, வரிசையா ஆளு இருக்கு. அடுத்த முறைக்கு வரச் சொல்லிட்டாவ.

மறுநாள் செல்லையன் அண்ணனுக்க முகம் ஊதி, கண்ணு சிறுத்துப் போச்சு. படுத்தா மூச்சு முட்டுதுண்ணு விடிய விடிய உக்காந்தே இருந்தாராம்.

நான் நேரா மானேஜருகிட்ட போய் கத்தினேன். வாழ்க்கையில முதல் தடவையாட்டு கத்தினேன். அவரு கத்தல்ல. யோசனை சொன்னாரு. முதல் யோசனை, ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கரையை வெட்டிச் சரிவாக்குறது. ரெண்டாவது, வண்டியை அந்தப் பக்கத்து மேட்டுலயே நிரந்தரமா நிறுத்திப் போடுறது, செல்லையன் ஓடையைக் கால்நடையா கடந்து வந்து ஏறிக்கிடணும். மூச்சு விட முடியாத மனுஷன் முட்டளவுத் தண்ணியில நடந்து ஏறணுமாம். பேட்டரியை மாத்துற யோசனை மட்டும் அவருக்கு வரல்ல. "அவ்வளவு எடை உள்ளது எப்படிக் கேடாகும், ஸ்டீபா?"ண்ணு எங்கிட்டயே கேட்டாரு. உள்ளபடியே வருத்தமா தான் கேட்டாரு, அது தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அடுத்த முறைக்குத் தலேநாள் காலத்தே, பால் அளக்குற கொட்டகையில எல்லாரும் வாளியோட வரிசையில நிக்கியாவ. சார் மேசையில மெட்ரோலாக்கு. தங்கபாய் அக்காவுக்க முறை வந்தப்போ மீட்டரு கொஞ்சம் எழும்பிச்சு. "தண்ணி உண்டல்லோ, தங்கபாய்"ண்ணு மெல்லச் சொன்னாரு சார். அக்காவுக்குப் பின்னால சுவரைப் பிடிச்சுக்கிட்டு செல்லையன் அண்ணன் வந்து நிண்ணாரு. அங்க கிடந்த ஒரு வாளியைக் கவுத்திப் போட்டு உக்காந்து, மூச்சு வாங்கி, பிறகு பேசினாரு.

"சாரே, ஸ்டீபன் கொண்டு வந்த பேட்டரியில தண்ணிண்ணு திருப்பி விட்டிய. இப்பம் வண்டியில இருக்கதை இந்த மீட்டரு வச்சுப் பாத்தியளா?"

பாக்கல்ல. எடையைப் பாத்ததோட அவருக்கு மனசு நிறைஞ்சு போச்சே. நான் ஓடிப் போய் ஜீப்புல இருந்து ஆசிட்டை உறிஞ்சி, குப்பியில கொண்டு வந்து வச்சேன். சார் மீட்டரை இறக்கினாரு. அதே கதை. பட்டுண்ணு எழும்பி நிண்ணுது. களியக்காவிளைக்காரன் ஏமாத்திட்டாண்ணு சொல்லி சார் கண்ணாடியைக் கழட்டினாரு.

செல்லையன் அண்ணன் மடியில இருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியை எடுத்தாரு. அது அவருக்குக் குடிக்கிற தண்ணி. டயாலிசிஸ்காரங்க நினைச்ச நேரம் தண்ணி குடிக்கப்பிடாது. ஒரு நாளைக்கு இவ்வளவுண்ணு அளவு உண்டு, அவருக்கு அந்தக் குப்பி தான் ஒரு பகலுக்கு. அதுல இருந்து வாயை நனைச்சு நனைச்சு பொழுதை ஓட்டுவாரு. அக்கா அவருக்க கையைப் பிடிச்சா. அவரு கையை விடுவிச்சு, மேசையில இருந்த இன்னொரு உயரக் குப்பியில முழுத் தண்ணியையும் ஊத்தினாரு. மீட்டரை எடுத்துக் கழுவி அதுல விட்டாரு. தண்ணிக் கோட்டுல வந்து அசையாம நிண்ணுது. ஆசிட்டுல நிண்ணதுக்கு எவ்வளவோ கீழ.

"ஆசிட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் அறியாது. தண்ணி எங்க நிக்கும்ணு அறியும், இத்தனை வருசமா நீங்க காட்டித் தந்திருக்கிய. பச்சைத் தண்ணி இஞ்ச நிக்குது. பேட்டரியில உள்ளது அதுக்கும் மேல நிக்குது. தண்ணியை விடத் தண்ணியாட்டு ஒரு சாமானம் உண்டா சாரே?"

சார் ரெண்டு குப்பியையும் மாறி மாறிப் பாத்தாரு. "அப்பம் மீட்டரு கேடாயிருக்கும்"ணாரு.

சொல்லி முடிக்கல்ல, வரிசையில நிண்ண ஆளுவ ஒவ்வொருத்தரா வாளியைத் தரையில வச்சாவ. தங்கபாய் அக்கா மட்டும் வாளியைக் கையில வச்சுக்கிட்டே கேட்டா.

"எங்க பாலைப் பாத்ததும் இந்தக் கேடு மீட்டரு தானா சார்?"

சுகுமாரன் சார் மடையன் இல்லை. மீட்டரு நல்லதுண்ணா பேட்டரியைத் திருப்பி விட்டது மடத்தனம். மீட்டரு கேடுண்ணா பிடிச்ச கூலிக்கெல்லாம் கணக்குச் சொல்லணும். அவரு கண்ணாடியைத் துடைச்சாரு, மாட்டினாரு, திரும்பக் கழட்டித் துடைச்சாரு. கடைசியில என் பக்கம் திரும்பி, ரொம்ப சாந்தமா, "ஸ்டீபா, மார்த்தாண்டம் கடை எப்பம் தொறக்கும்?"ணு கேட்டாரு.

ஆளுவ வாளியை எடுத்துக்கிட்டாவ. அண்ணைக்கு ஒருத்தருக்க பாலிலயும் தண்ணி இல்லை. தங்கபாய் அக்கா காலிக் குப்பியைக் கையில எடுத்துப் பாத்தா. "மனுஷா, சாயங்காலம் வரைக்கும் உள்ளதாக்கும் இது"ண்ணு சொல்லும்போ அவளுக்குக் குரல் உடைஞ்சு போச்சு.

"போவட்டு பிள்ளே," அண்ணன் சொன்னாரு. "வாயி காஞ்சா சாவமாட்டேன். வண்டி நிண்ணா செத்துப் போவேன்."

நான் அப்பமே கிளம்பி மார்த்தாண்டம் போனேன். அதே பேட்டரி கடையிலேயே இருந்துது. ஆசிட்டு தண்ணியை விடக் கனம், அதான் மீட்டரை மேல தள்ளுதுண்ணு கடைக்காரரு அப்பம் தான் எனக்கு விளக்கினாரு. வழியில ஒரு இடத்துல வண்டியை ஓரம் கட்டி நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்லை. சாயங்காலத்துக்குள்ள தட்டுல வச்சு, கிளாம்பை முறுக்கி, வயரைப் பழைய நீளத்துக்கே வெட்டி மாட்டியாச்சு. மாட்டுறதுக்கு முந்தி சார் ஒருக்கா தராசுல ஏத்திப் பாத்தாரு, அவரு வேற என்ன செய்வாரு. எடை குறைஞ்ச பேட்டரி தான் மலைக்கு நல்லதுண்ணு தான் கண்டுபிடிச்சதா முதலாளிக்கு போன்ல சொன்னாராம். முதலாளி ரொம்பப் பாராட்டினாராம். அந்த இன்வெர்ட்டர் பேட்டரி சாருக்க குவாட்டர்ஸுக்குப் போச்சு. அவரு ரிட்டயர் ஆவுற வரைக்கும், கரண்டு போற நேரமெல்லாம் அவருக்க ஃபேனை அது நல்லா சுத்திச்சு. அந்த மரப்பெட்டியில அவரு வீட்டுக் கோழி அடை கிடந்துது.

மறுநாள் செல்லையன் அண்ணனையும் அக்காவையும் ஏத்திக்கிட்டு இறங்கினேன். ஓடைக் குழிக்கு வந்ததும் அவரு "அணை"ண்ணாரு. அக்கா வேண்டாம்ணா. அவரு கேக்கல்ல, நானும் கேக்கல்ல. அணைச்சேன். தண்ணி டயருல முட்டுற சத்தம் மட்டும் கேட்டுது. அக்கா கண்ணை மூடிக்கிட்டா. "இனி எடு"ண்ணாரு. சாவியைத் தொட்டேன், அவ்வளவு தான் தெரியும், இஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துது. அவரு குலசேகரம் வரைக்கும் கம்பியைப் பிடிச்சபடியே வந்தாரு.

அடுத்த தடவை போனப்போ மலை இறங்கும்போதே அவருக்கு கண்ணு சொருகிப் போச்சு. ராத்திரி உறக்கம் இல்லாத மனுஷன். தலை அக்காவுக்க தோளுல சாஞ்சு கிடந்துது, கை கம்பியை விட்டு மடியில விழுந்து கிடந்துது. ஓடையில இறங்கி, குலுங்கி, ஏறினோம். அக்கா எனக்குக் கையைக் காட்டினா, விளிக்க வேண்டாம்ணு. பஸ் ஸ்டாண்டுல வண்டியை நிறுத்தின பிறகு தான் தோளைத் தட்டி எழுப்பினேன்.

முழிச்சு, ரோட்டையும் கடையையும் பாத்துட்டு, "ஓடை கழிஞ்சுதா ஸ்டீபா?"ண்ணு கேட்டாரு.

"எப்பமே கழிஞ்சுது அண்ணே"ண்ணேன்.